ரேடார் வைத்த படகுக்குப் பொறுப்பு கூடுதல்

சிறிய படகுகளுக்கான ரேடார் இன்று ஒருவரே தூக்கி மாட்டக்கூடிய வட்டப் பெட்டியாகச் சுருங்கிவிட்டது. சொந்தப் படகில் தூண்டில் போடவும், பாய் விரித்துச் சுற்றிவரவும் சென்னை, புதுச்சேரிப் பக்கமிருந்து கடலுக்குப் போகிறவர்கள் அதை வாங்க நினைப்பது இயல்பு. ஆனால் வாங்கும்போதே ஒரு தவறான நம்பிக்கையும் கூடவே வந்து ஒட்டிக்கொள்கிறது: இனி இருட்டானாலும் மழையானாலும் கவலையில்லை, எதிரே எது வந்தாலும் திரை காட்டிவிடும் என்ற நம்பிக்கை. கடலூரிலிருந்து கொள்ளிடம் முகத்துவாரம் வரையுள்ள கடலில் இந்த நம்பிக்கையோடு படகு ஓட்டுவது ஆபத்து. அங்கே மிதக்கும் பலவற்றை ரேடார் காட்டாது. காட்டுவதையும் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்ள முடியாது. ரேடாரைப் பொருத்திய பிறகு படகோட்டியின் வேலை குறைவதில்லை, ஒரு கடமை கூடுகிறது. சர்வதேசக் கடல் விதிகளும் அதையே சொல்கின்றன.

முதலில் ரேடார் என்ன செய்கிறது என்று பார்ப்போம். படகு ரேடார்கள் பெரும்பாலும் சுமார் 3 செ.மீ. அலைநீளமுள்ள நுண்ணலையைப் பயன்படுத்துகின்றன. சுழலும் ஆன்டெனா அதை மெல்லிய கற்றையாக அனுப்புகிறது. அலை எதிலாவது பட்டுத் திரும்பும் நேரத்தைக் கணக்கிட்டால் தூரம் கிடைக்கும். அப்போது ஆன்டெனா எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பதிலிருந்து திசை கிடைக்கும். நிமிடத்துக்கு 24 முறை சுழலும் ஆன்டெனா, இரண்டரை விநாடிக்கு ஒருமுறை கடலை ஒரு சுற்று பார்த்து முடிக்கிறது. ஆக, திரையில் விழும் புள்ளியின் பொருள் ஒன்றுதான்: அந்தத் திசையில், அந்தத் தூரத்தில் இருந்து ஏதோ ஓர் அலை திரும்பி வந்திருக்கிறது. அது கப்பலா, மழையா, அலைமுகடா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் பார்க்கிறவர். புள்ளி இல்லாத இடத்துக்கும் அதே கணக்குத்தான். அங்கிருந்து அலை திரும்பவில்லை என்பதுதான் செய்தி. அங்கே யாரும் இல்லை என்று திரை ஒருபோதும் சொல்வதில்லை.

இந்தக் குறை சிறிய கருவிகளுக்கு மட்டும் உரியதென்று நினைக்க வேண்டாம். கடலூர்க் கரையில் முற்றிலும் வேறு வகை ரேடார் ஒன்று உண்டு. தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் கடலூரிலும் கல்பாக்கத்திலும் அமைத்த உயர் அதிர்வெண் ரேடார் இணை அது. அது தேடுவது படகுகளை அல்ல. கடலின் மேற்பரப்பு நீரோட்டத்தை அளக்கிறது. இரண்டு ஊர்களில் ஏன் வைத்தார்கள்? ஒரு நிலையம் தன்னை நோக்கி வரும் அல்லது விலகிப் போகும் வேகத்தை மட்டுமே அளக்க முடியும். குறுக்கே போகும் ஓட்டம் அதற்குத் தெரியாது. இரண்டு இடங்களிலிருந்து ஒரே நீர்ப்பரப்பைப் பார்த்தால்தான் நீரோட்டம் உண்மையில் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்ல முடியும். விஞ்ஞானிகளே ஒரு ரேடாரின் சொல்லை மட்டும் வைத்து முடிவுக்கு வருவதில்லை. படகோட்டிக்கும் அதே ஒழுங்கு வேண்டும். திரை சொன்னதைக் கண்ணாலோ, காதாலோ, வரைபடத்தாலோ இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும்.

இனி இந்தக் கடலுக்கு வருவோம். கடலூர் மாவட்டத்தின் கடற்கரை சுமார் 57 கி.மீ. நீளம். கடலூர் முதுநகர் துறைமுகத்திலிருந்து போகும் விசைப்படகுகளை ரேடார் ஓரளவு நன்றாகவே பிடிக்கும். கூண்டும், இரும்புச் சாமான்களும், பெரிய எஞ்சினும் உள்ளவை அவை. தேவனாம்பட்டினம் முதல் பரங்கிப்பேட்டை, கிள்ளை வரை ஒவ்வொரு கிராமத்திலிருந்தும் போகும் ஃபைபர் படகுகளின் கதை வேறு. கண்ணாடியிழை நுண்ணலையைப் பெரிதாகத் திருப்பி அனுப்புவதில்லை. மரமும் அப்படியே. திரும்பி வருவது வெளிப்புற எஞ்சினிலிருந்தும், உள்ளே இருக்கும் ஆட்களிடமிருந்தும் கிடைக்கும் பலவீனமான அலை மட்டும்தான். ஒன்றரை மீட்டர் அலை எழும் நாளில் தாழ்வான அந்தப் படகு பாதி நேரம் அலைக்குப் பின்னால் மறைந்துவிடும். திரையில் ஒரு சுற்றில் தெரியும், அடுத்த மூன்று சுற்றில் காணாது. கட்டுமரம் என்றால் அதுவும் இல்லை. விரித்த வலையின் மிதவைகளும், அடையாளத்துக்கு நட்ட கொடிக்கம்பும் பெரும்பாலும் திரைக்கே வருவதில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இதை இன்னும் தெளிவாக்கும். அந்த நாட்களில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். ரேடார் திரை வெறிச்சோடிக் கிடக்கும். உல்லாசப் படகுக்காரருக்குக் கடலே காலியாகிவிட்டதாகத் தோன்றும். ஆனால் நாட்டுப்படகுகளும் ஃபைபர் படகுகளும் கரையோரத் தொழிலுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும். ரேடாருக்கு நன்றாகத் தெரிகிறவை விலகிவிட்டன, தெரியாதவை மட்டும் கடலில் இருக்கின்றன. திரை மிகச் சுத்தமாகத் தெரியும் இந்த இரண்டு மாதங்களில்தான் அதை மிகக் குறைவாக நம்ப வேண்டும்.

கரையைப் பார்க்கும்போதும் ஏமாற்றம் உண்டு. இந்தப் பகுதியின் மணற்கரை தாழ்வானது. சாய்ந்து கிடக்கும் மணலில் பட்ட அலை திரும்பி வராமல் சிதறிவிடும். ரேடார் முதலில் அழுத்தமாகக் காட்டுவது பெரும்பாலும் உள்ளே தள்ளி நிற்கும் சவுக்குத் தோப்பையோ வீடுகளையோதான். அதைக் கரை என்று எண்ணித் தூரம் கணக்கிட்டால், உண்மையில் இருப்பதைவிடக் கடலுக்குள் தள்ளி இருப்பதாக நினைத்துக்கொள்வோம். வெள்ளாற்று முகத்துவாரத்திலும் சின்னவாய்க்கால் பக்கமும் மணல்திட்டுகள் பருவத்துக்குப் பருவம் இடம் மாறும். நீருக்கடியில் இருக்கும் திட்டு எந்த ரேடாரிலும் தெரியாது. அங்கே ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரும், வழி தெரிந்த உள்ளூர்க்காரரும்தான் துணை. பிச்சாவரத்தின் சுரபுன்னைக் கால்வாய்களுக்குள் ரேடாருக்கு வேலையே இல்லை. பத்தடி தள்ளி நிற்கும் மரச்சுவரைத் தாண்டி அது எதையும் பார்க்காது. பழைய காலக் கடலோடிகள் சிதம்பரத்தின் நான்கு கோபுரங்களையும் கரை அடையாளமாகக் கொண்டு இந்தக் கரையைக் கடந்தார்கள். உயர்ந்து நிற்கும் ஒன்றைக் கண்ணால் கண்டு தன் இடத்தை உறுதி செய்துகொள்ளும் அந்தப் பழக்கம் ரேடார் வந்த பிறகும் காலாவதியாகவில்லை.

எவ்வளவு தூரம் தெரியும் என்பது விளம்பரத்தில் சொல்வதைப் பொறுத்ததல்ல. பெட்டியின் மேல் 24 கடல் மைல், 36 கடல் மைல் என்று அச்சிட்டிருக்கும். பூமியின் வளைவு அதற்கு ஓர் எல்லை போடுகிறது. ஆன்டெனாவின் உயரம், எதிரே உள்ளதன் உயரம் இரண்டையும் மீட்டரில் எடுத்து, ஒவ்வொன்றின் வர்க்கமூலத்தையும் கூட்டி 2.2-ஆல் பெருக்கினால் கடல் மைலில் விடை வரும். ஆன்டெனா 4 மீட்டர் உயரத்தில் இருந்தால், 25 மீட்டர் உயர மேற்கட்டுள்ள சரக்குக் கப்பல் ஏறத்தாழ 15 கடல் மைலில் தெரியத் தொடங்கலாம். ஒரு மீட்டர் உயரமே உள்ள படகுக்குக் கணக்குப்படி எல்லை 6.6 கடல் மைல். அலை பலவீனமாகத் திரும்புவதால் நடைமுறையில் அது தெரிவது இன்னும் கிட்டத்தில்தான்.

கூர்மையும் ஒரு பிரச்சினை. ஒன்றரை அடி அகல ரேடார் பெட்டியின் கற்றை சுமார் 5 டிகிரி விரிந்திருக்கும். 3 கடல் மைல் தூரத்தில் அந்த 5 டிகிரி என்பது ஏறத்தாழ 480 மீட்டர் அகலம். அதற்குள் அக்கம்பக்கமாக நிற்கும் இரண்டு படகுகள் திரையில் ஒரே புள்ளியாக ஒட்டிக்கொள்ளும். நடுவில் வலையைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து தொழில் செய்யும் படகுகளை ஒரே கப்பல் என்று எண்ணிப் பக்கத்தில் ஒதுங்கிப் போனால், போய் விழுவது வலையின் மேல். ஆன்டெனா அகலமானால் கற்றை மெலியும். கருவி வாங்கும்போது திரையின் பளபளப்பைவிட இதைப் பார்த்து வாங்குவது நல்லது.

கருவியைக் கையாள்வதில் மூன்று பொத்தான்களைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. முதலாவது கெயின், அதாவது திரும்பி வரும் அலையை எவ்வளவு பெருக்கிக் காட்டுவது என்பது. திரை முழுக்க மெல்லிய புள்ளித்தூறல் தெரியும்வரை ஏற்றி, பிறகு சற்றே இறக்க வேண்டும். திரை அழகாக, கறுப்பாகத் தெரிய வேண்டுமென்று அதிகம் இறக்கினால் சிறிய படகுகளும் அதோடு மறையும். இரண்டாவது, கடலலையின் இரைச்சலைக் குறைப்பது. இது வேலை செய்வது படகைச் சுற்றியுள்ள இரண்டு மூன்று கடல் மைலுக்குள். ஃபைபர் படகு தெரிய வேண்டிய தூரமும் அதுதான். அலையை முழுவதும் அழித்தால் படகையும் அழித்துவிட்டோம் என்று பொருள். மூன்றாவது, மழை இரைச்சலைக் குறைப்பது. ஐப்பசி, கார்த்திகையில் இறங்கும் மழைத்திரையைச் சிறிய ரேடார் பல மைலுக்கு முன்பே காட்டிவிடும். மழையைப் பார்த்து ஒதுங்கிக்கொள்ள அது பெரிய உதவி. ஆனால் கனமழைக்குள்ளும் அதற்கு அப்பாலும் இருக்கும் கப்பலை 3 செ.மீ. அலையால் சரியாகப் பார்க்க முடியாது. பெரிய கப்பல்களில் 10 செ.மீ. அலை ரேடார் ஒன்றும் கூடவே இருப்பதற்கு இதுவே காரணம். மேக்னட்ரான் குழாயால் அலையை உண்டாக்கும் வகைக் கருவி சூடேற ஒன்றிரண்டு நிமிடம் எடுக்கும். மழை தலைக்கு மேல் வந்த பிறகு போட்டால் பயன் குறைவு.

தானியங்கி முறையில் விட்டுவிட்டால் போதாதா? பல நேரம் போதும். ஆனால் அது எதை அழிக்கிறது என்று தெரிந்தவருக்குத்தான் எப்போது அதை நிறுத்த வேண்டும் என்பதும் தெரியும்.

அடுத்து, ரேடார் பார்க்கும் வேலையின் மையம்: ஒரு புள்ளி மோத வருகிறதா, இல்லையா? நம் படகே நகர்ந்துகொண்டிருப்பதால், திரையில் ஒரு புள்ளி நகரும் திசை அதன் உண்மையான திசை அல்ல. நேர் முன்னே ஒரு புள்ளி நம்மை நோக்கி இறங்கி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது நங்கூரமிட்ட கப்பலாக இருக்கலாம், எதிரே வரும் கப்பலாக இருக்கலாம், நமக்கு முன்னால் மெதுவாகப் போகும் படகாகவும் இருக்கலாம். பிரித்தறிய ஆறு நிமிடம் போதும். ஆறு நிமிடம் ஒரு மணியில் பத்தில் ஒரு பங்கு. நாம் 8 நாட், அதாவது மணிக்கு 8 கடல் மைல் வேகத்தில் போனால் அதற்குள் 0.8 கடல் மைல் நகர்ந்திருப்போம். புள்ளியின் தூரமும் சரியாக 0.8 குறைந்திருந்தால் அது நின்றுகொண்டிருக்கிறது. 0.3 மட்டும் குறைந்திருந்தால் அது நம் திசையிலேயே 5 நாட்டில் போகிறது. 2.3 குறைந்திருந்தால் 15 நாட்டில் நம்மை நோக்கி வருகிறது. அந்தக் கப்பலை 6 கடல் மைலில் கண்டால் நம் கையில் சுமார் 15 நிமிடம் இருக்கிறது. 3 கடல் மைலில் கண்டால் எட்டு நிமிடம்கூட இல்லை. அதனால்தான் கிட்ட உள்ளதைப் பார்க்கும் ஒன்றரை மைல் அளவிலேயே திரையை வைத்திருக்காமல், அவ்வப்போது ஆறு மைலுக்கும் பன்னிரண்டு மைலுக்கும் மாற்றிப் பார்க்க வேண்டும்.

பக்கவாட்டிலிருந்து வருவதற்கு இன்னும் எளிய சோதனை உண்டு. திசைகாட்டும் மின்கோட்டை அந்தப் புள்ளியின் மேல் வைத்துவிட்டுக் காத்திருங்கள். புள்ளி கோட்டைவிட்டு முன்னாலோ பின்னாலோ விலகினால் அது கடந்து போய்விடும். கோட்டின் மேலேயே வழுக்கிக்கொண்டு நடுவை நோக்கி வந்தால் மோதல் பாதையில் இருக்கிறது. இந்தக் கணக்கை இப்போது கருவியே போட்டுத் தருகிறது. ஆனால் திசை உணரி சரியாகப் பொருந்தாவிட்டாலோ, நம் படகு அலையில் தலையாட்டினாலோ அந்த விடையும் ஆடும். ஒருமுறை கிடைத்த விடையை வைத்துச் சுக்கானைத் திருப்பக் கூடாது.

1972-இல் உருவாகி 1977-இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச மோதல் தடுப்பு விதிகள் இதையெல்லாம் கடமையாகவே வைத்திருக்கின்றன. ஐந்தாம் விதி, கண்ணாலும் காதாலும், கிடைக்கும் மற்ற எல்லா வழிகளாலும் எப்போதும் கண்காணிக்கச் சொல்கிறது. ரேடார் அந்த வழிகளில் ஒன்று. கண்ணுக்கு மாற்று அல்ல. ஏழாம் விதி, பொருத்தப்பட்டு வேலை செய்யும் நிலையில் உள்ள ரேடாரை முறையாகப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்கிறது. அரைகுறை ரேடார் தகவலை வைத்து அனுமானம் செய்யக் கூடாது என்றும் எச்சரிக்கிறது. உல்லாசப் படகுக்கு ரேடார் கட்டாயமில்லை. வைத்துவிட்டால், அதைச் சரியாகப் பார்ப்பது கட்டாயம். “ரேடார் இருந்தது, போடவில்லை” என்பதும், “போட்டேன், பார்க்கத் தெரியவில்லை” என்பதும் சமாதானம் ஆகாது.

பார்வை மறையும்போது பத்தொன்பதாம் விதி வருகிறது. ஒருவரையொருவர் கண்ணால் காணும்போது யார் வழிவிட வேண்டும், யார் நேரே போகலாம் என்ற வரிசை உண்டு. மூடுபனியிலும் கனமழையிலும் ஒருவரையொருவர் காண முடியாதபோது அந்த வரிசை கிடையாது. ஒதுங்கும் பொறுப்பு இருவருக்கும் உண்டு. வேகத்தைக் குறைக்க வேண்டும். முன்புறம் உள்ள புள்ளிக்காக இடப்புறம் திரும்புவதைத் தவிர்க்க வேண்டும். நாம் முந்திச் செல்லும் படகு மட்டும் விலக்கு. திரும்பினால் முன்கூட்டியே, பெரிதாகத் திரும்ப வேண்டும். ஐந்து டிகிரி, பத்து டிகிரி என்று கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் எதிரே இருப்பவரின் ரேடாரில் அது தெரியவே தெரியாது.

இடப்புறம் திரும்பியதன் விலை என்ன என்பதற்கு உலகறிந்த சாட்சி உண்டு. 1956 ஜூலை 25 இரவு, அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுக்கு அப்பால் ‘ஆண்ட்ரியா டோரியா’, ‘ஸ்டாக்ஹோம்’ என்ற இரண்டு பயணிகள் கப்பல்கள் மோதின. இரண்டிலும் ரேடார் இருந்தது. இரண்டுமே மற்றதைப் பல மைல் தூரத்திலேயே திரையில் கண்டன. ஒன்று இடப்புறம் விலகியது, மற்றது வலப்புறம் திரும்பியது. 51 பேர் இறந்தார்கள். ‘ஆண்ட்ரியா டோரியா’வில் புள்ளியின் நகர்வை வரைந்து கணக்கிடவில்லை; பார்த்து ஊகித்தார்கள்.

நம் பக்கத்திலும் பாடங்கள் இருக்கின்றன. 2017 ஜனவரி 28 விடியலுக்கு முன் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ‘பி.டபிள்யூ. மேப்பிள்’, ‘டான் காஞ்சிபுரம்’ கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2021 ஏப்ரலில் மங்களூருக்கு அப்பால் ‘ஏ.பி.எல். லி ஹாவ்ர்’ என்ற சரக்குக் கப்பலும் பேப்பூரிலிருந்து போன ‘ரபா’ என்ற மீன்பிடிப் படகும் மோதின. படகில் இருந்த 14 பேரில் தமிழ்நாட்டுக்காரர்களும் இருந்தார்கள். மீட்கப்பட்டவர்கள் இருவர். இத்தகைய பெரிய கப்பல்களில் ரேடார் சட்டப்படியே கட்டாயம். கருவி இருப்பது மட்டும் மோதலைத் தடுப்பதில்லை என்பதற்கு வேறு ஆதாரம் தேவையில்லை.

பொறுப்பின் இன்னொரு பாதி, நாம் பிறருக்குத் தெரிவது. உல்லாசப் படகுகளும் பெரும்பாலும் கண்ணாடியிழையில் செய்தவைதான். நமக்கு ஃபைபர் படகு எப்படித் தெரியவில்லையோ, கப்பலுக்கு நாமும் அப்படித்தான். மூன்று உலோகத் தகடுகள் செங்குத்தாகச் சந்திக்கும் மூலையாலான ரேடார் பிரதிபலிப்பானை உயரத்தில் கட்டுவது மலிவான வழி. அதன் பக்க அளவை இரட்டிப்பாக்கினால் திருப்பி அனுப்பும் திறன் பதினாறு மடங்காகும். ஆகவே கைக்கடக்கமான ஒன்றைவிடப் பெரிதாக ஒன்றை வாங்குவதே லாபம். கப்பலின் பெயர், வேகம், திசையைப் பரப்பும் ஏ.ஐ.எஸ். கருவி இன்னும் நல்லது. மீன்பிடிப் படகுகளுக்கு ஒரு லட்சம் டிரான்ஸ்பாண்டர்கள் தரும் மத்திய அரசின் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. செயற்கைக்கோள் வழியாகக் கரையோடு தொடர்புகொள்ள அது உதவும். பக்கத்தில் வரும் படகின் ரேடாரில் அது புள்ளியைக் கொண்டுவராது. இந்த வேறுபாட்டை உல்லாசப் படகுக்காரரும் மீனவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

துறைமுகத்துக்குள் நுழைந்ததும் ரேடாரை அலை பரப்பாத காத்திருப்பு நிலைக்கு மாற்றுவது நல்ல பழக்கம். முதுநகரில் படகுகள் தோளோடு தோள் கட்டிக் கிடக்கும். பக்கத்துப் படகின் கூண்டு மேல் வேலை பார்க்கும் ஆளின் முகம் நம் ஆன்டெனாவின் உயரத்தில் இருக்கலாம். மேக்னட்ரான் ரேடார்களுக்கு எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று ஒவ்வொரு கையேடும் சொல்லும். அதைப் படிக்க வேண்டும். பாய்மரத்தில் ஆள் ஏறும்போது கருவியை முழுவதும் அணைத்துவிட வேண்டும். ரேடார் அலை பரப்பும் கருவி என்பதால், இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் திட்டமிடல் பிரிவிடம் அதற்கு உரிமம் பெற வேண்டியிருப்பதையும் மறக்கக் கூடாது.

அரசு செய்யக்கூடியதும் இருக்கிறது. ஃபைபர் படகுகளுக்கு மானியத்தில் பிரதிபலிப்பான் தருவது பெரிய செலவாகாது. மத்திய மீன்வளக் கடல்சார் பொறியியல் பயிற்சி நிறுவனத்தின் சென்னைப் பிரிவும், நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகமும், உல்லாசப் படகு வைத்திருப்பவர்களும் சேரக்கூடிய குறுகிய ரேடார் பயிற்சிகளை நடத்தலாம். மீனவர்களையும் அதே வகுப்பில் உட்கார வைத்தால், எந்த வலை எங்கே எப்படி விரிந்திருக்கும் என்பதை இந்தப் பக்கமும், திரையில் தங்கள் படகு எப்படித் தெரிகிறது என்பதை அந்தப் பக்கமும் கற்றுக்கொள்ளும்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. வானம் தெளிந்த ஒரு பகலில் தேவனாம்பட்டினத்துக்கு வெளியே படகை மெதுவாக ஓட்டுங்கள். ஒருவர் திரையைப் பார்க்கட்டும், இன்னொருவர் கடலைப் பார்க்கட்டும். கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு படகும் திரையில் எத்தனை மைலில் வருகிறது, எந்தப் படகு வரவே இல்லை, இரைச்சலைக் குறைத்தால் எது மறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆறு நிமிடக் கணக்கைப் போட்டு, எதிரே வருவதன் போக்கைத் திரையிலிருந்து சொல்லிவிட்டுக் கண்ணால் சரிபாருங்கள். பகலில் பத்துக்குப் பத்து சரியாக வரும்வரை, ரேடார் இருக்கிறது என்ற ஒரே தைரியத்தில் இரவிலோ மழையிலோ படகை எடுக்காதீர்கள். அப்படி எடுத்தால் விலை கொடுக்கப்போவது நீங்கள் மட்டுமல்ல. உங்கள் திரையில் விழாத ஃபைபர் படகில் விளக்கை வைத்துக்கொண்டு வலையிழுக்கும் நான்கு பேரும்தான்.